1930-னு போட்டு விக்கிற ஃபோர்டு மாடல் ஏ டவுன் செடான், ரெஸ்டோர் பண்ண வண்டி, வாங்கலாமா?

மெதுவாபோறவன்:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா இங்க சும்மா படிச்சிட்டுதான் இருந்தேன், இப்பதான் கேள்வி கேக்குற அளவுக்கு விஷயம் வந்திருக்கு. ஒரு கலெக்டர் தன்கிட்ட இருக்குற ஃபோர்டு மாடல் ஏ டவுன் செடானை விக்கிறாரு. நாலு கதவு வண்டி. விளம்பரத்துல "1930 மாடல், பாடியை ஃப்ரேம்ல இருந்து கழட்டி முழுசா ரெஸ்டோர் பண்ணது, ஒரிஜினல் எஞ்சின், உண்மையான கலெக்டர்கள் மட்டும் பேசவும்"னு போட்டிருக்கு. போட்டோவுல பாத்தா சும்மா ஜொலிக்குது, மெரூன் பாடி, கறுப்பு மட்கார்டு, ரேடியேட்டர் ஷெல்லும் (அதாவது ரேடியேட்டர சுத்தி இருக்குற உறை) ஹெட்லைட்டும் பளபளன்னு இருக்கு, உள்ள சீட் துணியெல்லாம் புதுசு. எனக்கு ஷோவுக்கு கொண்டு போற ஆசையெல்லாம் இல்ல, வாரத்துல ஒரு நாள் எடுத்து மெதுவா ஒரு ரவுண்டு ஓட்டணும், அவ்வளவுதான். ஆனா கேக்குற விலைக்கு இது தகுமான்னு தெரியல, பழைய வண்டி எதுவும் இதுவரைக்கும் வாங்குனதில்ல. போய் பாக்கும்போது எத பாக்கணும், என்ன கேக்கணும்னு தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமா போகும். மேல திறந்த ரோட்ஸ்டர் வாங்கு, செடான் எதுக்குன்னு கூட ஒருத்தர் சொன்னாரு, அதையும் கேட்டுக்கிறேன்.

புகைக்குழல்:

"உண்மையான கலெக்டர்கள் மட்டும்"னு போட்டா குறுக்குக் கேள்வி கேக்காத ஆள் வேணும்னு அர்த்தம் 😄 பெயின்ட் பளபளப்ப பாத்து பணத்த எண்ணாதீங்க ப்ரோ. பெயின்ட் அடிக்கிறதுதான் ரெஸ்டோர் வேலையிலயே வெளிய தெரியிற வேலை, அதனால விக்கிற எண்ணத்தோட பண்றவன் முதல்ல காச அதுலதான் போடுவான்.

ஸ்பானர்சாமி:

தம்பி, எஞ்சினைப் பத்தி ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க. மாடல் ஏ 1927 டிசம்பர்ல வெளிய வந்து 1931 வரைக்கும் 48 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளுனாங்க, அதுக்கு இன்னைக்கும் நட்டு போல்ட்டுல இருந்து கார்ப்புரேட்டர் வரைக்கும் புதுசா அடிச்சு விக்கிறாங்க. 3.3 லிட்டர், நாலு சிலிண்டர், 40 குதிரை சக்தி, வால்வு பக்கவாட்டுல இருக்குற சாதாரண எஞ்சின், கையில நாலு ஸ்பானர் இருந்தா பிரிச்சு மாட்டிடலாம்.

நாலு கதவு வண்டியில கண்டம் எங்க இருக்குன்னா கட்டையில. ஆமா, மரக்கட்டை. ரெண்டு கதவு டியூடரும் கூப்பேயும் ஃபோர்டே பெரும்பாலும் இரும்புல செஞ்சது. நாலு கதவு பாடிய மர்ரே, பிரிக்ஸ்னு ரெண்டு கம்பெனிகிட்ட வெளிய குடுத்து வாங்குனாங்க, அதுல கதவுத் தூண், கதவுக்குள்ள இருக்குற சட்டம், கூரை எல்லாத்துக்கும் உள்ள மரம்தான், மேல தகடு போத்தி இருக்கும். அந்த மரம் உளுத்துப் போனா மேல எவ்வளவு பெயின்ட் அடிச்சாலும் கதவு தொங்கத்தான் செய்யும். புதுசா மரம் செஞ்சு போடுறதுதான் இந்த வண்டியிலயே அதிகமா காசும் நாளும் முழுங்குற வேலை, வெளிய தெரியாத வேலையும் அதுதான், அதனால பாதிப்பேர் அத தொடாமயே மேல மேக்கப் போட்டு விட்டுடுவாங்க.

போனதும் எஞ்சின் பக்கம் போகாதீங்க. நாலு கதவையும் ஒவ்வொண்ணா பாதி திறந்து கைப்பிடி பக்கம் அடியில கைய குடுத்து மெதுவா மேல தூக்கிப் பாருங்க. கீல்ல மட்டும் லேசா ஆட்டம் இருந்தா கீலுக்குள்ள இருக்குற பின் (ஊசி) தேய்ஞ்சிருக்கு, அது சின்ன வேலை. கீல் அசையாம தூணோட சேந்து மொத்தமும் அசஞ்சுதுன்னா உள்ள மரம் போச்சு. அப்புறம் கதவ ரெண்டு விரல்ல தள்ளி மூடுங்க, தூக்கிப் பிடிச்சு அமுக்காமலேயே லாக் பிடிக்கணும். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்குற இடைவெளி மேல ஒரு அளவு கீழ ஒரு அளவுன்னு இருக்கான்னும் பாருங்க, முக்கியமா நடுத்தூண்கிட்ட.

அடுத்தது கூரை. அந்தக் காலத்துல கூரை முழுசுக்கும் ஒரே தகடா அழுத்தி எடுக்க முடியல, அதனால நடுவுல தகடே கிடையாது, மரச்சட்டம் அது மேல பஞ்சு அது மேல தண்ணி புகாத துணி, அவ்வளவுதான். ஓரத்துல சீல் விட்டுச்சுன்னா தண்ணி நேரா மரத்துக்குள்ளதான் இறங்கும். உள்ள உக்காந்து தலைக்கு மேல இருக்குற துணியில ஓரமா பழுப்புக் கோடு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. துணி புத்தம் புதுசா இருந்து கூரை பழசா இருந்தா அதுவும் ஒரு சேதிதான்.

நிக்கல்பைத்தியம்:

சாமி அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா எனக்கு வண்டியோட வருஷமே இடிக்குது. மெதுவாபோறவன், போட்டோவுல டயர் சைடுல என்ன அளவு எழுதியிருக்குன்னு ஜூம் பண்ணி சொல்றீங்களா? 1928, 29 வண்டிக்கு 21 இன்ச் சக்கரம், 1930, 31-க்கு 19 இன்ச். அதோட ரேடியேட்டர் ஷெல் என்ன கலர்ல மின்னுதுன்னும் பாருங்க, லேசா மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான பளபளப்பா, இல்ல நீலம் பாஞ்ச கண்ணாடி பளபளப்பா?

மெதுவாபோறவன்:

4.50-21னு தெளிவா தெரியுது. ஷெல் நீலம் பாஞ்ச பளபளப்புதான், வானம் அப்படியே தெரியுது அதுல. எஞ்சின் நம்பர் போட்டோவும் ஒண்ணு போட்டிருக்காரு, ஏ எழுத்துக்கு அப்புறம் 26 லட்சத்துல ஆரம்பிக்குது, ரெண்டு பக்கமும் நட்சத்திரம் இருக்கு.

நிக்கல்பைத்தியம்:

அப்ப இது 1929 வண்டி. 1929 டிசம்பர் கடைசியோட எஞ்சின் நம்பர் 27 லட்சத்து 42 ஆயிரத்து சொச்சத்துல முடிஞ்சு, 1930 ஜனவரி அதுக்கு அடுத்த நம்பர்ல ஆரம்பிக்குது. 26 லட்சம்னா 29 கடைசி வாக்குல வந்த எஞ்சின், சக்கரமும் அதைத்தான் சொல்லுது. விக்கிறவர் பொய் சொல்றாருன்னு உடனே முடிவு பண்ணாதீங்க, அந்த வருஷக் கடைசியில செஞ்சது அடுத்த வருஷம் வித்துப் பதிவானா பேப்பர்ல 1930னுதான் இருக்கும், இது சகஜம். ஆனா "ரெஸ்டோர் பண்ணேன்"னு சொல்றவர் தன் வண்டி எந்த வருஷத்து உடம்புன்னு தெரியாம எப்படி சரியான பாகம் வாங்கிப் போட்டாருங்கறதுதான் என் கேள்வி.

ஏன்னா 28, 29-ல ஷெல், ஹெட்லைட், கைப்பிடி எல்லாம் நிக்கல் பூச்சு. 30, 31-ல ஷெல்லும் ஹெட்லைட்டும் துருப்பிடிக்காத ஸ்டீலுக்கு மாறிடுச்சு. உங்க வண்டியில இருக்குறது நீல மினுமினுப்புன்னா பின்னாடி யாரோ க்ரோம் பூசியிருக்காங்க. ஓட்டுறதுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, க்ரோம் துடைக்கிற வேலையும் கம்மி. ஆனா அமெரிக்காவுல ரெண்டு பெரிய மாடல் ஏ கிளப் சேந்து எந்த வருஷத்துக்கு எந்த ஸ்க்ரூன்னு விதி போட்டு மார்க் குடுக்குறாங்க, அங்க இதுக்கு மார்க் வெட்டுவாங்க. கலெக்டர் விலை கேக்குறவர்கிட்ட இத சொல்லி குறைக்கலாம். கறுப்பு மட்கார்டு சரி, அதுல குத்தம் சொல்ல மாட்டேன், பாடி கலர்லயே மட்கார்டும் அடிச்சு நாசம் பண்ணி வச்ச வண்டியெல்லாம் பாத்து வயிறு எரிஞ்சிருக்கேன்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். எஞ்சின் நம்பர் பிளாக்கோட இடது பக்கம், தண்ணி உள்ள வர்ற குழாய்க்கு மேல ஒரு சின்ன மேடையில குத்தியிருக்கும். அதே நம்பர ஃப்ரேம்ல இடது பக்கத்து சட்டத்து மேலயும் குத்தி அனுப்புனாங்க. அந்த இடம் பாடிக்கு அடியில மறைஞ்சு போயிடும், பாடிய தூக்குனாதான் பாக்க முடியும். பாடிய கழட்டி வேலை பாத்தேன்னு சொல்றவர் அந்த நம்பர பாக்காம இருந்திருக்கவே முடியாது, பாத்தவன் போட்டோ எடுக்காம இருக்க மாட்டான். அந்தப் போட்டோவ கேளுங்க. இருந்துச்சுன்னா பாடி கழட்டுனது, ஒரிஜினல் எஞ்சின் ரெண்டுக்கும் ஒரே அடியில ஆதாரம். "அது எங்கயோ மிஸ் ஆயிடுச்சு"ன்னா விலை பேசும்போது ஞாபகம் வச்சுக்கோங்க.

புகைக்குழல்:

மேடையில நம்பர சுத்தி கிரைண்டர் கோடு இருக்கான்னும் பாக்கணும். பழச தேய்ச்சுட்டு பேப்பர்ல இருக்குற நம்பர புதுசா குத்துற கூட்டமும் இருக்கு.

ரேவதிகராஜ்:

நான் நாலு கதவு மாடல் ஏதான் வச்சிருக்கேன், அதனால ரோட்ஸ்டரா செடானாங்கற கேள்விக்கு மட்டும் முதல்ல பதில் சொல்றேன். திறந்த வண்டிக்குத்தான் எப்பவும் கிராக்கி, விலையும் ஜாஸ்தி. ஆனா வேலைன்னு பாத்தா செடானுக்குத்தான் அதிகம், நாலு கதவு, அத்தனை மரம், அத்தனை கண்ணாடி, உள்ள முழுக்க துணி. அதனால செடானை ரெஸ்டோர் பண்றவங்க போட்ட காச விக்கும்போது எடுக்கவே முடியாது. வாங்குறவங்களுக்கு அதுதான் லாபம், இன்னொருத்தர் நஷ்டப்பட்டு முடிச்ச வேலைய பாதி விலைக்கு நாம எடுத்துக்கலாம், ஆனா முடிச்ச வேலையா இருக்கணும், பாதியில விட்டதா இருக்கக் கூடாது. உடைஞ்ச செடானை சீப்பா கிடைக்குதுன்னு வாங்கி நாமளே பண்ணிக்கலாம்னு மட்டும் இறங்கிடாதீங்க.

ஓட்டுறதப் பத்தி சொல்றேன். தம்பி வாரம் ஒரு ரவுண்டுன்னு சொல்றாரு, அதுக்கு அருமையான வண்டி. மணிக்கு 70 கிலோமீட்டர் வரைக்கும் சுகமா போகும், அதுக்கு மேல முடுக்குனா எஞ்சின் கத்தும், நமக்கும் பயம் வரும். ஸ்டார்ட் பண்றது தனி சடங்கு. டேங்க் கண்ணாடிக்குக் கீழ, நம்ம முழங்காலுக்கு நேரா முன்னாடி இருக்கும், பெட்ரோல் பம்ப்பே கிடையாது, தானா இறங்கும். வால்வ திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழ இடது லிவர மேல தள்ளி ஸ்பார்க்க தாமதப்படுத்தி, வலது லிவர லேசா கீழ இழுத்து, சோக்க பிடிச்சுக்கிட்டு காலால ஸ்டார்ட்டர் பட்டன மிதிக்கணும். பத்திக்கிச்சுன்னா உடனே இடது லிவர கீழ கொண்டு வரணும். அது தெரியாம ஸ்பார்க்க முன்னாடி வச்சுட்டு கைப்பிடி போட்டு சுத்துனீங்கன்னா கை மணிக்கட்டு காலி, எதிரடி அடிக்கும்.

கியர் மூணுதான், கியர் மாத்தும்போது வேகத்த தானா ஒத்துப்போக வைக்கிற சிங்க்ரோ கிடையாது, ஒவ்வொரு தடவையும் ரெண்டு தடவ க்ளட்ச் மிதிச்சு வேகத்த ஒத்துப்போக வச்சாதான் கரகரன்னு சத்தம் வராம விழும். பிரேக் நாலு சக்கரத்துக்கும் உண்டு ஆனா ஆயில் கிடையாது, கம்பிதான், ஃபோர்டு ஆயில் பிரேக்குக்கு வந்ததே 1939-லதான். ஒழுங்கா செட் பண்ணியிருந்தா கம்பி பிரேக் நல்லாவே பிடிக்கும், பிடிக்கலன்னா ரெஸ்டோர் பண்ணவர் கடைசி வேலைய அவசரத்துல முடிச்சிருக்காருன்னு வச்சுக்கலாம். ட்ரம் பழைய அழுத்துன தகடா இல்ல வார்ப்பு இரும்பு போட்டிருக்கான்னு கேளுங்க, வார்ப்பு இரும்பா இருந்தா சூட்டுல அவ்வளவா விரியாது, ஓட்டுறவருக்கு அதுதான் நல்லது.

கண்ணாடியும் கேக்கணும். முன் கண்ணாடி மட்டும்தான் அப்பவே உடைஞ்சா சிதறாத கண்ணாடி, பக்கவாட்டுல சாதா கண்ணாடி. பாப்பா குட்டியெல்லாம் உக்கார வைக்கப் போறீங்கன்னா பக்கவாட்டையும் மாத்தியிருக்காங்களான்னு கட்டாயம் கேளுங்க.

ஸ்பானர்சாமி:

ரேவதி அக்கா சரியா சொன்னாங்க. ஒண்ணு சேத்துக்கிறேன், கரன்ட் 6 வோல்ட், அதுலயும் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி மாத்துற எவனாவது பழக்க தோஷத்துல மாத்தி மாட்டிடுவான், கவனம். 12 வோல்ட்டுக்கு மாத்தியிருந்தா என்னைக் கேட்டா தப்பில்ல, லைட் நல்லா எரியும்.

நிக்கல்பைத்தியம்:

அண்ணே அதுல மட்டும் உங்களோட சண்டை. 6 வோல்ட்டுல லைட் மங்கலா எரியுதுன்னு சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேர் வண்டியில எர்த் துருப்பிடிச்சிருக்கும், ஹெட்லைட் ரிஃப்ளெக்டர்ல வெள்ளிப் பூச்சு போயிருக்கும். மாத்துனா ஹார்ன், ஸ்டார்ட்டர் எல்லாமே தாங்கற அளவுக்கு மேல வாங்கும். தொட வேண்டாம்.

ஸ்பானர்சாமி:

நீ பகல்ல மட்டும் ஓட்டுறவன், உனக்கு என்ன 😂

மெதுவாபோறவன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல. அவர்கிட்ட பேசிட்டேன், நீங்க சொன்னதெல்லாம் வரிசையா கேட்டேன், மனுஷன் கோவப்படல, பொறுமையாதான் பேசுனாரு. ஃப்ரேம் நம்பர் போட்டோ இருக்கு! அனுப்பிட்டாரு, எஞ்சின் நம்பரோட ஒத்துப்போகுது, ஃப்ரேம் மேல பழைய துரு தெரியுது, பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்திருக்காங்க. பேப்பர்ல 1930னு இருக்கறதால அப்படிப் போட்டேன்னு சொன்னாரு. க்ரோம் பத்திக் கேட்டா "நிக்கலை மாசாமாசம் துடைக்க ஆளில்ல"ன்னு சிரிச்சாரு.

மர வேலை போட்டோ நிறைய அனுப்புனாரு, முன் தூண் ரெண்டும் கூரைச் சட்டமும் புது மரம், நல்லா தெரியுது. ஆனா நடுத்தூணும் பின்பக்கமும் ஒரு போட்டோ கூட இல்ல, கேட்டதுக்கு "அது நல்லா இருந்துச்சு, அதனால தொடல"ன்னாரு. எஞ்சின் பேரிங் என்ன பண்ணீங்கன்னு கேட்டதுக்கு வேற ஒருத்தர் பண்ணாரு, பில் தேடணும்னாரு. இன்னொரு விஷயம், வேலை முடிச்சு பல வருஷம் ஆச்சாம், அதுக்கப்புறம் வண்டி பெரும்பாலும் ஷெட்டுலயேதான் நின்னிருக்கு, அப்பப்ப ஸ்டார்ட் மட்டும் பண்ணுவாராம். இது நல்லதா கெட்டதா?

ரேவதிகராஜ்:

ஃப்ரேம் போட்டோ வச்சிருக்கார்னா ஆளு நேர்மையானவர்தான், பாதி கவலை விட்டுச்சு. நின்ன வண்டிங்கறது நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, ஆனா செலவு இருக்கு. டயர் ஓடாமயே வயசாயிடும், பட்டன் தேயாம இருந்தாலும் சைடுல வெடிப்பு பாருங்க. டேங்க் உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, துரு இருந்தா அடியில இருக்குற வடிகட்டிக் கிண்ணத்துல செம்மண் மாதிரி தங்கியிருக்கும், உள்ள பூச்சு ஏதாவது போட்டிருந்தா அது உரிஞ்சு வந்து கார்ப்புரேட்டர அடைக்கும், நடு ரோட்டுல நிப்பீங்க. வண்டிய நகத்தாம ஸ்டார்ட் மட்டும் பண்ணி அணைக்கிறது ரொம்ப மோசம், எஞ்சின் முழுசா சூடாகாம உள்ள ஈரம் தங்கி ஆயில் கெட்டுப் போகும்.

ஸ்பானர்சாமி:

பேரிங் பில் கிடைச்சா நல்லது. பழைய முறையில வெள்ளை உலோகத்த உருக்கி ஊத்தி கடைஞ்சு எடுக்கணும், அது தெரிஞ்ச கை குறைஞ்சு போச்சு, அதனால இப்ப நிறையப் பேர் கழட்டி மாட்டுற ஷெல் பேரிங்குக்கு மாத்திடறாங்க. ரெண்டுல எது இருந்தாலும் பரவாயில்ல, சத்தம் வரக் கூடாது. நீங்க போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடு ஏத்தி வைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, போனதும் பானட்ட தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கணும். குளிர்ல ஸ்டார்ட் ஆகி, சூடேறின பிறகு வேகத்த கொஞ்சம் ஏத்தி சடார்னு விடுங்க, விடும்போது அடியில இருந்து "டக் டக்"குனு கெட்டியா தட்டுச்சுன்னா பேரிங். ஆயில் அழுத்தமா போற எஞ்சின் இல்ல இது, கரண்டி மாதிரி அள்ளித் தெளிக்கிறது, ஆயில் ஃபில்டரும் கிடையாது, அதனால ஆயில் மாத்துன தேதி கேளுங்க. பின்னாடி க்ளட்ச் பக்கம் ரெண்டு சொட்டு ஆயில் கீழ இருந்தா பயப்படாதீங்க, அங்க சீலே கிடையாது, எல்லா மாடல் ஏ-வும் சொட்டும். சொட்டாத வண்டின்னா ஆயில் இருக்கான்னு பாருங்க 😄 பிளாக்குல வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விரிசல் இருக்கான்னு ஹெட்ட கழட்டாம தெரியாது, ஆனா ரேடியேட்டர் மூடிய திறந்து ஓட விட்டுப் பாத்து விடாம குமிழி வந்துட்டே இருந்தா ஹெட் கேஸ்கட் இல்லன்னா அந்த விரிசல்.

நடுத்தூண் விஷயம்தான் எனக்கு உறுத்துது. நல்லா இருந்துச்சு, தொடலன்னு சொல்றது உண்மையாவும் இருக்கலாம், பின்பக்கம் தண்ணி படாம இருந்தா மரம் அப்படியே இருக்கும். ஆனா முன் தூணும் கூரையும் மாத்துற அளவுக்கு தண்ணி குடிச்ச வண்டியில நடுத்தூண் மட்டும் தப்பிச்சுதுன்னா நேர்ல பாத்தாதான் நம்புவேன். பின் கதவு ரெண்டையும் தூக்கிப் பாத்துட்டு இங்க வந்து சொல்லுங்க, அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் குடுக்காதீங்க.

புகைக்குழல்:

மர்ரே பாடியா பிரிக்ஸ் பாடியான்னும் கேட்டு வச்சுக்கோங்க. ரெண்டுக்கும் மரம் வேற வேற, ஒண்ணு இன்னொண்ணுல சரியா உக்காராது. நடுத்தூண் போயிருந்தா புது மரம் ஆர்டர் பண்ணும்போது முதல் கேள்வியே அதுதான்.

மெதுவாபோறவன்:

சரி, ஞாயித்துக்கிழமை போறேன். பின் கதவு, நடுத்தூண், சில்லுன்னு எஞ்சின், ரேடியேட்டர் குமிழி, டேங்க்ல டார்ச், டயர் வெடிப்பு எல்லாம் எழுதி வச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு நிக்கல் அண்ணே, வாங்குனா அந்த ஷெல்ல திரும்ப நிக்கலுக்கு மாத்தணுமா?

நிக்கல்பைத்தியம்:

எனக்கு மாத்தச் சொல்லத்தான் ஆசை, ஆனா நீங்க ஷோவுக்கு போகலன்னு சொல்லிட்டீங்க. அந்தக் காச நடுத்தூணுக்கு எடுத்து வைங்க. போட்டோ மட்டும் மறக்காம போடுங்க, எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்குற தகடு, அதான் ஃபயர்வால், அது பக்கத்துலயும் ஒண்ணு.